சட்டப் படிப்புக்குப் 10 லட்சம் கடன் வாங்கலாமா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மகள் 12-ஆம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் 88 சதவீதம் வாங்கியிருக்கிறார். சட்டம்தான் படிப்பேன் என்கிறார். உறவில் வழக்கறிஞர் யாரும் இல்லை. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 2 லட்சம் கட்டணம், விடுதியும் சாப்பாடும் தனி என்கிறது. கூடவே "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்றும் சொல்கிறது. வங்கியில் 10 லட்சம் கடன் எடுத்து அங்கே சேர்ப்பதா, அரசு சட்டக் கல்லூரிக் கலந்தாய்வுக்குக் காத்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிகளை ஒப்பிடச் சொல்வதுபோல் இருந்தாலும், உங்களை உறுத்துவது அந்தக் கடனை மகள் எந்தச் சம்பாத்தியத்தில் அடைப்பார் என்பதுதான் என்று தோன்றுகிறது. ஆகவே முதலில் பணக் கணக்கு, பிறகு சேர்க்கை.

ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் ஐந்து தடவையாக வங்கி பணம் விடுவிக்கும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஐந்து ஆண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் 2 லட்சத்துக்கு ஆறு ஆண்டு வட்டி, அடுத்ததற்கு ஐந்து, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கூட்டிப் பாருங்கள். தனிவட்டியே 4 லட்சம் வருகிறது. தவணை தொடங்கும் நாளில் பாக்கி 14 லட்சம். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 18,500 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் சுமார் 15,000. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் பாக்கி 10 லட்சத்தில் நிற்கும். அப்படிக் கட்டும் தொகை முதல் ஆண்டில் மாதம் 1,700 ரூபாய்க்குள் இருக்கும், ஐந்தாம் ஆண்டில் 8,300-ஐத் தாண்டும். பொதுவாக 4 லட்சம் வரை பிணை எதுவும் கேட்க மாட்டார்கள், அதற்குமேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம், அதையும் தாண்டினால் சொத்துப் பத்திரம். 10 லட்சம் என்றால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும் என்பதை மனதில் வையுங்கள். குறிப்பிட்ட தரவரிசைக்குள் வரும் நிறுவனங்களுக்கு மட்டும் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு அதில் 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்கலாம். நீங்கள் பார்க்கும் நிறுவனம் அந்தப் பட்டியலில் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். கல்லூரி அலுவலகத்தின் பதில் போதாது.

இந்தத் தவணையை எந்த வருமானத்தோடு ஒப்பிடுவது? கோர்ட்டுக்குப் போகும் புது வழக்கறிஞர் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்வார். சட்டப்படி சம்பளம் என்று ஒன்று அங்கே கிடையாது. சீனியர் தருவது உதவித்தொகை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தரும்படி சுற்றறிக்கை அனுப்ப, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. இவை இருக்கின்றன, உண்மை. ஆனால் அந்தத் தொகை கைக்கு வரும் என்று வைத்துக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள். வேலை கற்றுத் தருவதே கூலி என்று நினைக்கும் சேம்பர்கள், அதாவது சீனியர்களின் அலுவலகங்கள், இன்றும் ஏராளம். தமக்கே மாதாமாதம் நிலையான வரவு இல்லாத சீனியர்களும் உண்டு. தாலுகா கோர்ட்டில் போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் தருவது சாதாரணம். சரி, உத்தரவுப்படியே கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த மூன்று நகரங்களுக்கு வெளியே 15,000. பதினைந்து ஆண்டுத் தவணையும் 15,000. சாப்பாட்டுக்கு?

அதனால்தான் கடன் வாங்கிப் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வருவதில்லை. ஒப்பந்தம் சரிபார்க்கும் கம்பெனி, வங்கி, காப்பீட்டு நிறுவனம் என்று உடனே சம்பளம் வரும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அது தவறான வேலை இல்லை. சிக்கல் எங்கே என்றால், அந்த ஆண்டுகள் வழக்கறிஞர் அனுபவமாகக் கணக்கில் வராது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வேலையில் சேர்ந்தால் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். அரசு வேலை என்று பெற்றோர் நினைக்கும் கதவுகளோ அனுபவத்தைத்தான் கேட்கின்றன. உரிமையியல் நீதிபதித் தேர்வை முன்பு சட்டம் முடித்த கையோடு எழுத முடிந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு தொழில் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. அனுபவம், பார் கவுன்சிலில் முதலில் செய்யும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்து கணக்கிடப்படும். குறைந்தது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றும், அதன்மேல் நீதிமன்ற அதிகாரியின் மேலொப்பமும் வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும். தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வில் வென்றால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய். உதவி அரசு வழக்கறிஞர் பணிக்கு ஐந்து ஆண்டு தொழில் அனுபவம் தேவை. ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரி ஆகப் பத்து ஆண்டு, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு. எந்தப் பக்கம் போனாலும் இடையில் வருமானம் குறைந்த மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கின்றன. உங்களிடம் உள்ள பணம் முதலில் அந்த ஆண்டுகளுக்குத் தேவை. கல்லூரிக் கட்டணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு லட்சமும் மகள் ஒரு நல்ல சீனியரிடம் பொறுமையாக நிற்கக் கூடிய சில மாதங்கள்.

பட்டம் எங்கே வாங்கினாலும் பார் கவுன்சிலுக்கு ஒன்றுதான். அரசுக் கல்லூரியில் வாங்கிய பி.ஏ., எல்.எல்.பி.யும், தனியாரில் வாங்கிய பி.பி.ஏ., எல்.எல்.பி. ஹானர்ஸும் ஒரே பதிவுப் புத்தகத்தில்தான் ஏறுகின்றன. பதிவுக் கட்டணமாக முன்பு மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் வசூலித்தார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய், முத்திரைத் தீர்வை தனி. அடுத்து, தொடர்ந்து தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கொள்குறிக் கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துச் செல்லலாம். தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவில் 45 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கு 40. இதற்கெல்லாம் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை.

இனி சேர்க்கை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் 15 அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன: சென்னையிலிருந்து இடம்பெயர்ந்த புதுப்பாக்கமும் பட்டரைப்பெரும்புதூரும், செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தர்மபுரி, சேலம், நாமக்கல், கோவை, திருச்சி, காரைக்குடி, மதுரை, தேனி, ராமநாதபுரம், திருநெல்வேலி. இங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, அதன்மேல் 69 சதவீத இட ஒதுக்கீடு, பிறகு கலந்தாய்வு. ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 45 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. சென்னை பெருங்குடியில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளியில் ஹானர்ஸ் படிப்புகள் உண்டு. அங்கே தகுதி 70 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கு 60. இரண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி, அறிவிப்பு நாளும் வெவ்வேறாக இருக்கும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 88 சதவீதத்துக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு வந்த விண்ணப்பங்களும் உங்கள் வகுப்புப் பிரிவும் சேர்ந்து தீர்மானிப்பது அது. சென்னை, கோவைக்குப் போட்டி அதிகம், புதிய கல்லூரிகளில் குறைவு. கலந்தாய்வில் பெரிய ஊரை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சீர்மிகு சட்டப்பள்ளியில் அதைவிடப் பல மடங்கு, ஆனாலும் தனியாரை விடக் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2021-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் பொருந்தும்; மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு நாளில் கையில் இல்லாத சான்றிதழ் வீட்டில் இருந்தும் பயனில்லை. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகை கிடைக்கும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உட்பட பெரும்பாலானவை கிளாட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வு வழியாக எடுக்கின்றன: இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தவறுக்குக் கால் மதிப்பெண் குறைப்பு. தேர்வு இப்போது முந்தைய டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் யோசித்தால் அந்த ஆண்டு போய்விட்டது என்று பொருள். ஓராண்டு காத்திருந்து எழுதுவது மோசமான முடிவு இல்லை. ஆங்கிலத்தில் வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் மகளுக்கு உண்டென்றால் மட்டும். அங்கும் செலவு ஆண்டுக்கு லட்சங்களில்தான். ஆனால் முதல் வரிசைப் பல்கலைக்கழகங்களில் கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆண்டுக்கு 15 லட்சத்துக்கு மேல் தந்து எடுக்கின்றன. கடன் வாங்கிப் படிப்பதற்கு நியாயம் இருக்கும் இடம் அது. அந்த வரிசையிலும் கீழே இறங்க இறங்க இந்த வாய்ப்பு வேகமாக மெலிந்துவிடும்.

இப்போது "நூறு சதவீத பிளேஸ்மென்ட்". இந்த எண்ணைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்டால் போதும். வகுப்பில் 120 பேர், வேலை வேண்டும் என்று பிளேஸ்மென்ட் பிரிவில் பதிந்தவர்கள் 30 பேர், 30 பேருக்கும் ஏதோ ஒரு கடிதம் வந்தது என்றாலும் நூறு சதவீதம்தான். அப்பாவின் அலுவலகத்தில் சேர்ந்தவர், எல்.எல்.எம். மேற்படிப்புக்குப் போனவர், உதவித்தொகை எவ்வளவு என்று சொல்லாத சீனியரிடம் சேர்ந்தவர் எல்லோரும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட முடியும். "அதிகபட்சச் சம்பளம்" என்பது ஒரே ஒருவரைப் பற்றிய தகவல். "சராசரி" என்பதை அந்த ஒருவரே தூக்கிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது நடுநிலைச் சம்பளம், அதாவது வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் இதைக் கொடுத்தாக வேண்டும்: எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள். அந்தப் பி.டி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். சட்டப் பிரிவுக்கானதைத் தேடி எடுங்கள், பொறியியல் கணக்கோடு கலந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதுவும் நிறுவனமே தந்த தகவல்தான், ஆனாலும் விளம்பரப் பலகையை விட நம்பலாம். கூடவே, ஐந்தாண்டுப் படிப்பில் சென்ற ஆண்டு படித்து முடித்து வெளியேறிய மூன்று பேருடன் பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்காமல் தரும் கல்லூரிக்கும் மழுப்பும் கல்லூரிக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எந்தக் கல்லூரியானாலும் இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலில் பாருங்கள். பி.ஏ.வுக்கு அங்கீகாரம் இருந்து புதிதாகத் தொடங்கிய பி.பி.ஏ.வுக்கு இல்லாமல் போவது உண்டு. அது ஐந்து ஆண்டு கழித்துப் பதிவு மேசையில்தான் வெடிக்கும். விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். "வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லும் வெளிமாநில லெட்டர் பேட் கல்லூரிகளின் பட்டங்களைப் பதிவின்போது துருவுகிறார்கள். அந்தப் பக்கமே வேண்டாம். மூன்றாண்டுப் படிப்பை யோசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்தாவது, பன்னிரண்டாவது படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் சட்டப் படிப்புக்குச் செல்லாது.

அப்படியானால் தனியார் கல்லூரியே கூடாதா? என் மதிப்பீட்டை மட்டும் சொல்கிறேன். அரசுக் கல்லூரிகளில் ஆசிரியர் பற்றாக்குறை, நூலகத்தின் நிலை, மாதிரி வழக்காடும் மூட் கோர்ட் பயிற்சி எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில இடங்களில் மோசம். நல்ல தனியார் கல்லூரியில் மாணவர் தானாகத் தேட வேண்டியவை கையில் வந்து சேரும். கடன் இல்லாமல், சேமிப்பிலிருந்தே கட்ட முடிகிற குடும்பத்துக்கு அது நியாயமான செலவு. 4 லட்சத்துக்குள் கடன், வட்டியை மாதாமாதம் கட்டிவிடுவோம் என்றாலும் சமாளிக்கலாம். 10 லட்சம் கடன், வீட்டுப் பத்திரம் அடமானம், மகளின் விருப்பமோ கோர்ட் அல்லது நீதிபதி என்றால் வேண்டாம் என்பேன்.

அரசுக் கல்லூரியில் குறைவதை ஈடுகட்ட வழி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்பது விதி. பலர் இதைச் சான்றிதழுக்காகச் செய்து முடிக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டில் மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞரிடமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், பிறகு உயர் நீதிமன்றத்தில் ஒரு சேம்பரிலும், கடைசி ஆண்டில் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவிலும் இருந்தால் எந்த வேலை தனக்கு ஒத்துவரும் என்று அவருக்கே தெரியும். பிளேஸ்மென்ட் பிரிவு இல்லாத கல்லூரியில் வேலை கிடைப்பதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல் வரைவு எழுதப் பழகட்டும், ஆனால் தமிழை விட்டுவிடக் கூடாது. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது, மனுக்களும் தமிழில் போகின்றன. உரிமையியல் நீதிபதி முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. புத்தகம் வாங்கும்போது கவனம்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் மாறிவிட்டன. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய பதிப்புகள் அந்தத் தேதிக்கு முந்தைய குற்ற வழக்குகளுக்கு உதவுமே தவிர, பாடத்துக்குப் போதாது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசுக் கலந்தாய்வுக்கு முன்பே முன்பணம் கேட்கும், "இன்று கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்பார்கள். சேர்ந்துவிட்டு விலகினால் பணம் திருப்பித் தருவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வெளியிடுகிறது. 2024-25 கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்றது. உங்கள் ஆண்டுக்கான தேதியை யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்து, அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போங்கள். பணம் கட்டினால் வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். "நன்கொடை" என்ற பெயரில் ரொக்கமாகக் கொடுத்தால் எந்தச் சுற்றறிக்கையும் உதவாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிவிடுங்கள்; அவற்றை நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் யு.ஜி.சி. விதிதான். அசல் மதிப்பெண் பட்டியல் அங்கே மாட்டிக்கொண்டால் மகள் அரசுக் கலந்தாய்வில் உட்கார முடியாது.